விமானம்: வரைந்தவர் பெரியவரா, செய்து முடித்தவர் பெரியவரா?

காகிதக்கப்பல் (இழையைத் தொடங்கியவர்)

விமான வரலாறு என்று தேடினால் எங்கும் ஒரே மாதிரிக் கதைதான் கிடைக்கிறது. யார் முதலில் பறந்தார், யார் முதலில் கடலைத் தாண்டினார், யார் ஒலியை முந்தினார். ஒன்று விமானிகள், இல்லாவிட்டால் மேதைகள். அந்த விமானங்களை யாரோ ஒருவர் தகடு வெட்டி, துளை போட்டு, ஆணி அடித்துச் செய்திருக்க வேண்டுமே? அவர்களைப் பற்றிப் பேச்சே காணோம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கார் செய்கிற நிறுவனங்கள் உலகத்தில் எத்தனையோ. நூற்றைம்பது பேர் ஏறும் ஜெட் விமானம் என்று வந்தால் மட்டும் போயிங், ஏர்பஸ் என்ற இரண்டு பெயரோடு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. சீனாவின் கோமாக் இப்போதுதான் மெல்ல நுழைகிறது. இறக்கை எப்படித் தூக்குகிறது என்பது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். பிறகு ஏன் இந்த நிலை? நல்ல வரைபடம் ஒன்று கையில் இருந்தால் போதாதா?

வால்காற்று

வரைபடமா? தொடக்கத்தில் அதுவே ஒழுங்காக இல்லை.

ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். ஸ்ப்ரூஸ் மரச்சட்டம், மேலே மஸ்லின் துணி. இன்ஜின் கேட்டுப் பல கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தும் சரிப்படவில்லை. கடைசியில் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார். அலுமினிய வார்ப்பு, சுமார் 12 குதிரைத்திறன். 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி பறந்த கதை எல்லோருக்கும் தெரியும். டெய்லர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வகையில் உங்கள் ஆதங்கம் நியாயம்தான்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1909இல் ஷார்ட் சகோதரர்கள் ஆறு ரைட் விமானங்கள் செய்ய ஒப்பந்தம் எடுத்தார்கள். அதற்கு முன் லண்டன் பேட்டர்சீயில் ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் பலூன் தைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒரே விமானத்தை வரிசையாகச் செய்யும் முதல் ஒப்பந்தம் என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். ஆனால் ரைட்டுகளிடம் தூக்கிக் கொடுக்க முழு வரைபடம் இல்லை. ஹோரஸ் ஷார்ட் பிரான்சுக்குப் போய், அங்கே நின்ற விமானத்தை அளவெடுத்துத் தானே வரைந்துகொண்டு வந்தார். பழைய சட்டையை விரித்து வைத்துத் தையற்காரர் அளவெடுப்பாரே, அப்படி.

கணக்குப்பிள்ளை

அந்த ஆறு, பத்து வருடத்துக்குள் பல்லாயிரம் ஆனது. முதல் உலகப்போர் முடிவதற்குள் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் ஆளுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் செய்து தள்ளிவிட்டன. மரம், துணி, கம்பி என்பதால் தச்சுப் பட்டறைகளிலும் செய்ய முடிந்தது.

1918 நவம்பரில் போர் நின்றதும் ஆர்டர் எல்லாம் நின்றது. சோப்வித் நிறுவனம் போரின்போது புகழின் உச்சியில் இருந்தது. 1920இல் அதை மூடிவிட்டு, ஹாக்கர் என்ற வேறு பெயரில் மறுபடி தொடங்கினார்கள். ஒரு நாள் மழை, மறுநாள் வறட்சி. இந்தத் தொழிலின் ஜாதகமே அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

வால்காற்று

துணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இறக்கைத் துணி விறைப்பாக நிற்க அதன்மேல் 'டோப்' என்ற வார்னிஷ் பூசுவார்கள். அந்த நாளில் அதில் கலந்த டெட்ராகுளோரோஈத்தேன் கல்லீரலைக் கெடுக்கும். பிரிட்டனில் பூச்சு அறையில் வேலை பார்த்தவர்களுக்கு, பெரும்பாலும் பெண்கள், மஞ்சள் காமாலை வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். அதன் பிறகுதான் கலவையை மாற்றினார்கள். செய்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை என்றீர்களே, இவர்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

மூன்றாமாண்டு

நான் விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. எனக்கு ஒரு கேள்வி. இரும்புக் கப்பல், இரும்பு ரயில் எல்லாம் இருந்த காலத்தில் விமானத்துக்கு மட்டும் ஏன் இத்தனை நாள் மரம்? உலோகத்துக்கு முன்பே போயிருக்கலாமே?

வால்காற்று

போனார்கள். 1915 டிசம்பரிலேயே ஹூகோ யுங்கர்ஸ் முழுக்க உலோகத்தால் ஆன ஜே 1 விமானத்தைப் பறக்கவிட்டார். மெல்லிய எஃகுத் தகடு. கனம் அதிகம், மேலே ஏறுவதற்கே திணறியது. 'தகரக் கழுதை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கழுதையைக் குதிரையாக்கியது டியூராலுமின். ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர், அலுமினியத்தில் கொஞ்சம் செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே சோதித்தால் மென்மையாக இருந்தது. இரண்டு மூன்று நாள் சும்மா வைத்துவிட்டு வந்து பார்த்தால் தானாகவே கெட்டியாகியிருந்தது. யுங்கர்ஸின் 1919ஆம் வருட எஃப்.13 பயணிகள் விமானம் அந்த உலோகத்தில் வந்தது. நெளிநெளியான தகடு. அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் கூரைத் தகரத்தை மடித்துச் செய்தது போலவே இருக்கும்.

பழையசுத்தி

இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. டியூராலுமின் பேச்சு வந்ததும் கை துறுதுறுத்துவிட்டது.

முப்பது வருடம் ஷீட் மெட்டல் பிரிவில் ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தறையாணி) அடித்தவன் நான். எங்கே, எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் மேஸ்திரி ஃப்ரீசரைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். ஐஸ்கிரீம் என்று நினைத்தேன். உள்ளே ரிவெட். "எடுத்த கால் மணிக்குள் அடி. மிச்சத்தை மேசையில் விடாதே" என்றார்.

வால்காற்று சொன்ன அதே சமாச்சாரம்தான். சூடாக்கிக் குளிர்வித்த ரிவெட் வெளியே இருந்தால் கெட்டியாகிக்கொண்டே போகும். கெட்டியானதை அடித்தால் தலை வெடிக்கும். குளிரில் வைத்தால் அந்தக் கெட்டிப்படுதல் தாமதமாகும். வில்ம் கண்டுபிடித்தது புத்தகத்தில் ஒரு வரி. எனக்கு அது கையில் சில்லென்று ஒட்டிய டப்பா.

காகிதக்கப்பல் கேட்டதற்கு என் பதில்: வரைபடம் போதாது. வரைபடத்தில் இருப்பது கோடு, அது அசையாது. தகடு அசையும். பத்து மீட்டர் நீள அலுமினியம், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். காலையில் போட்ட துளையும் மதியம் போட்ட துளையும் ஒன்றோடொன்று உட்காராது. தகட்டுக்குச் சொந்தமாக வடிவமும் கிடையாது, தூக்கினால் தொங்கும். அதை ஜிக்கில் (பாகங்களை அசையாமல் அதனதன் இடத்தில் பிடித்து வைக்கும் சட்டகம்) கட்டிப் பிடித்து, அப்படியே ரிவெட் அடித்த பிறகுதான் இறக்கை என்று ஒன்று உருவாகிறது. அதனால் விமானத்தைச் செய்வதற்கு முன் ஜிக்கைச் செய்ய வேண்டும். ஜிக் சரியா என்று பார்க்க அதற்கு ஓர் அளவுகோல் செய்ய வேண்டும். வெளியில் இருப்பவர்கள் யாரும் இதைப் பார்ப்பதே இல்லை.

காகிதக்கப்பல்

ஐயா, தயவுசெய்து தொடர்ந்து எழுதுங்கள். ஐஸ்கிரீம் டப்பாவுக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண் போகவில்லை.

கணக்குப்பிள்ளை

ஐயா எழுதும் வரை நான் கொஞ்சம் பணக்கதை சொல்கிறேன். மரத்திலிருந்து உலோகத்துக்கு உலகம் மாறியது விஞ்ஞானத்தால் மட்டும் அல்ல, ஒரு விபத்தாலும்தான்.

1931 மார்ச் 31 அன்று கன்சாஸில் ஒரு ஃபோக்கர் விமானம் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நூட் ராக்னி, நாடு முழுக்கத் தெரிந்த அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். மர இறக்கையின் உள்ளே ஈரம் புகுந்து பசை விட்டிருந்தது. அதோடு அந்த நாட்டுப் பயணிகளுக்கு மர இறக்கை மேல் இருந்த நம்பிக்கை போயிற்று.

1933இல் போயிங் 247 வந்தது. முழுக்க உலோகம், இரண்டு இன்ஜின், மடங்கும் சக்கரம். எல்லோரும் கேட்டார்கள். ஆனால் போயிங்கும் யுனைடெட் விமான சேவையும் அப்போது ஒரே குடையின்கீழ் இருந்த சகோதர நிறுவனங்கள். முதல் 60 விமானமும் யுனைடெட்டுக்குத்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். போட்டிக் கம்பெனியான டிடபிள்யூஏ டக்ளஸிடம் போய் நின்றது. அந்த வழியில் வந்ததுதான் டிசி-1, டிசி-2, கடைசியில் டிசி-3. போயிங் 247 மொத்தமே 75. டிசி-3 குடும்பத்தில் ராணுவ வகைகளையும், சோவியத்திலும் ஜப்பானிலும் லைசென்ஸ் வாங்கிச் செய்தவற்றையும் சேர்த்தால் சுமார் 16,000. தம்பிக்கு மட்டும் என்று எடுத்து வைத்தால் இப்படித்தான் ஆகும்.

1934இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு, விமானம் செய்பவரும் விமானம் ஓட்டுபவரும் ஒரே கம்பெனியாக இருக்கக் கூடாது என்று பிரித்தது.

மூன்றாமாண்டு

மரம் போச்சு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இரண்டாம் உலகப்போரில் மாஸ்கிட்டோ விமானத்தை மரத்தில்தானே செய்தார்கள்? வேகத்திலும் முன்னணியில் இருந்ததே.

வால்காற்று

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த மாஸ்கிட்டோ, மொத்தம் 7,781. நடுவில் பால்சா மரம், இரண்டு பக்கமும் பர்ச் ஒட்டுப்பலகை. உடலை நீளவாக்கில் இரண்டு பாதியாக அச்சின்மேல் ஒட்டி எடுப்பார்கள், வேர்க்கடலைத் தோடு மாதிரி. வயர், குழாய் வேலையெல்லாம் பாதி திறந்திருக்கும்போதே முடித்துவிட்டு அப்புறம் இரண்டையும் சேர்ப்பார்கள். நாற்காலி, மேசை செய்யும் கடைகளும் பியானோ செய்பவர்களும் பாகங்களைச் செய்தார்கள். அலுமினியத்துக்கும் அதற்கான ஆட்களுக்கும் நெருக்கடி இருந்த காலத்தில், சும்மா இருந்த தச்சர் கையை எடுத்துப் பயன்படுத்தியதுதான் அதில் பெரிய விஷயம். ஆனால் தொடக்கத்தில் பயன்படுத்திய கேசின் பசை, அதாவது பாலில் இருந்து எடுப்பது, ஈரமான வெப்ப நாடுகளில் தாங்கவில்லை. பிறகு ஃபார்மால்டிஹைடு வகைப் பசைக்கு மாறினார்கள்.

பழையசுத்தி

மாஸ்கிட்டோ பற்றிச் சொன்னது சரி. எனக்குச் சொல்லத் தோன்றுவது வில்லோ ரன் கதை. வேலையில் இருந்தபோது ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டு, அப்புறம் தேடித் தேடிப் படித்தேன்.

1941 ஜனவரியில் ஃபோர்டு கம்பெனியின் சார்ல்ஸ் சோரன்சன், சான் டியேகோவில் பி-24 குண்டுவீச்சு விமானம் செய்யும் இடத்தைப் பார்க்கப் போனார். அங்கே திறந்த வெளியில், வெயிலில் நிறுத்தி வைத்துக் கடைசிக்கட்டப் பொருத்தல் நடந்துகொண்டிருந்தது. நான் மேலே சொன்ன இரண்டு மில்லிமீட்டர் நினைவிருக்கிறதா? ஒரு விமானத்தின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது, ராவி, தட்டி உட்கார வைக்க வேண்டும். சோரன்சன் அன்றிரவு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து பென்சிலால் ஒரு தொழிற்சாலையையே வரைந்தார். மணிக்கு ஒரு விமானம் என்பது கணக்கு. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

மிச்சிகனில் கட்டினார்கள். முதல் வருடம் அவமானம்தான். வில்லோ ரன் என்ற பெயரையே 'இது ஓடுமா?' என்று பொருள் வரும்படி திரித்துக் கேலி செய்தார்கள். ஏன் தடுமாறினார்கள் தெரியுமா? கார்க்காரர் மூளை. காருக்கு உறுதியான எஃகு டை (தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கும் அச்சு) ஒன்று செய்தால் அதே வடிவத்தில் லட்சக்கணக்கில் தட்டி எடுக்கலாம். போர் விமானத்தில் வாராவாரம் திருத்தம் வரும்: இங்கே ஒரு துப்பாக்கி, அங்கே ஒரு தகடு. எஃகு டையைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. விமானக் கம்பெனிகள் ஈயம், துத்தநாகக் கலவை என்று மெத்தென்ற உலோகத்தில் டை செய்ததற்குக் காரணமே அதுதான். வேண்டாம் என்றால் உருக்கி மறுபடி வார்த்துக்கொள்ளலாம்.

ஃபோர்டும் விடவில்லை. கடைசியில் திருத்தங்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்து வைத்து, தொழிற்சாலைக்கு வெளியே தனி நிலையங்களில் செய்ய ஏற்பாடானது. 1944இல் உண்மையிலேயே மணிக்கு ஒன்று என்ற கணக்கை எட்டினார்கள். கடையை மூடும்போது 8,600க்கும் மேல் போயிருந்தது, பாகங்களாக அனுப்பியதையும் சேர்த்து. ஒவ்வொன்றிலும் மூன்று லட்சத்துக்கும் மேல் ரிவெட். அடித்தவர்களில் ஏராளமானோர் அதுவரை தொழிற்சாலை வாசலையே மிதிக்காத பெண்கள்.

கணக்குப்பிள்ளை

ஐயா சொன்னதற்குப் பக்கத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 1936இல் கர்ட்டிஸ் ரைட் நிறுவனத்தின் டி. பி. ரைட் (அந்த ரைட் குடும்பம் அல்ல, வேறு ஆள்) ஒரு கட்டுரை எழுதினார். செய்த எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும், ஒரு விமானத்துக்கு ஆகும் ஆள்நேரம் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்றார்.

புரியும்படி ஒரு கற்பனைக் கணக்கு: முதல் விமானத்துக்கு ஒரு லட்சம் மணி நேரம் என்றால் இரண்டாவதுக்கு 80,000. நாலாவதுக்கு 64,000. எட்டாவதுக்கு 51,200. ஆனால் விற்கும் விலையோ முதல் நாளே பேசி முடித்தது. அப்படியென்றால் முதலில் விற்பதெல்லாம் நஷ்டம், நூற்றுக்கணக்கில் விற்ற பிறகுதான் லாபம். காகிதக்கப்பல், இரண்டே கம்பெனி ஏன் என்றீர்களே, என் பதில் இதுதான். திறமை இல்லாமல் இல்லை. இந்தச் சரிவில் இறங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கப் பணம் வேண்டும்.

லாக்ஹீடைப் பாருங்கள். ட்ரைஸ்டார் அருமையான விமானம். 250 செய்தார்கள். போதவில்லை. பயணிகள் விமானத் தொழிலை விட்டே வெளியே போனார்கள்.

சுழலி

ட்ரைஸ்டாரைச் சொல்லிவிட்டு இன்ஜினைச் சொல்லாமல் விடலாமா? அதற்கு ஆர்பி211 இன்ஜின் செய்த ரோல்ஸ்ராய்ஸே 1971 பிப்ரவரியில் திவாலானது. முன்விசிறிக்குக் கார்பன் ஃபைபர் இலைகள் போடப் பார்த்தார்கள். பறவை மோதும் சோதனையில் அவை உடைந்தன. மறுபடி டைட்டானியத்துக்கு வந்தார்கள். அதற்குள் செலவு கைமீறிப் போய், பிரிட்டிஷ் அரசு கம்பெனியை எடுத்துக்கொள்ள வேண்டிவந்தது.

என்னைக் கேட்டால் விமானத்தின் உடலை முயன்றால் பலரும் செய்துவிடலாம். பூட்டு இன்ஜினில் இருக்கிறது. டர்பைனின் (சூடான வாயு தள்ளிச் சுழற்றும் சக்கரத்தின்) முதல் வரிசை இலையைச் சுற்றி ஓடும் வாயுவின் சூடு, அந்த இலையைச் செய்த நிக்கல் கலவையின் உருகுநிலையைவிட அதிகம். உள்ளே குடைந்த வழிகளில் காற்று ஓடி, மேலே பொடித்துளைகள் வழியாக வெளியேறி ஒரு போர்வை போல மூடிக்கொள்வதால்தான் அது உருகாமல் நிற்கிறது. அந்த இலை முழுக்க ஒரே படிகம். வார்ப்பில் உலோகம் கீழிருந்து மேலாக மெதுவாக உறையும். வழியில் பன்றிவால் போலச் சுருண்ட ஒரு குறுகிய பாதை, அதில் புகுந்து ஒரே ஒரு படிகம்தான் மேலே வரும். அதுதான் இலையாக வளரும். 1982 வாக்கில் பிராட் அண்ட் விட்னியின் ஜேடி9டி வகை ஒன்றில் பயணிகள் விமானத்துக்கு வந்தது. வரைபடத்தைக் கையில் கொடுத்தாலும் இதைச் செய்துவிட முடியாது. எத்தனை வார்ப்பைக் கெடுத்துக் கற்றார்கள் என்பது வரைபடத்தில் இருக்காது.

மூன்றாமாண்டு

எல்லோரும் செய்முறை பக்கமே சாய்கிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். காமெட் விமானம் விழுந்தது வடிவமைப்புத் தவறால்தானே? சதுர ஜன்னல் வைத்தார்கள், மூலையில் விரிசல் விட்டது. இதில் ரிவெட் அடித்தவர் என்ன செய்வார்?

வால்காற்று

சதுர ஜன்னல் என்பது பாதி உண்மை. ஜன்னலின் மூலைகள் வளைவாகத்தான் இருந்தன, வளைவு போதவில்லை என்பது வேறு.

நடந்தது இது. காமெட் 1952 மே மாதம் சேவைக்கு வந்தது, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954 ஜனவரியில் ஒன்று எல்பா தீவுக்கு அருகே வானிலேயே சிதறியது. ஏப்ரலில் இன்னொன்று நேப்பிள்ஸுக்கு அருகே. பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தம் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பயணமாக எண்ணினார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,000 வாக்கில் உடல் கிழிந்தது. எல்பா விமானத்தில் விரிசல் தொடங்கியதாகக் கண்டது பயணிகள் ஜன்னலில் அல்ல. கூரையில், வழிகாட்டி ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்தில்.

மூன்றாமாண்டு

சரி, கூரைத் திறப்பு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வடிவமைப்புத்தானே?

பழையசுத்தி

தம்பி, அந்த விரிசல் ரிவெட் துளையில் இருந்து கிளம்பியது. அதை மறக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று அதில் இருக்கிறது. இந்த விபத்துகளுக்கு முன்பே, காமெட்டைச் செய்த டி ஹாவிலண்ட்காரர்கள் உடலின் ஒரு பகுதியை எடுத்து ஆயிரக்கணக்கான தடவை அழுத்தச் சோதனை செய்தார்கள். தாங்கியது. நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அதே துண்டைத்தான் அதற்கு முன் வலிமைச் சோதனைக்காக இரண்டு மடங்கு அழுத்தத்தில் வைத்திருந்தார்கள். அந்த அழுத்தத்தில் மூலைகளில் உலோகம் சற்றே இழுபட்டு, நெகிழ்ந்து, நல்லவிதமாகப் பக்குவப்பட்டுவிட்டது. அதனால் அதன் ஆயுள் கூடியது. தொழிற்சாலையில் இருந்து வெளியே போன விமானங்களுக்கு அந்தப் பக்குவம் கிடைக்கவில்லை. சோதித்தது ஒரு பொருள், விற்றது இன்னொரு பொருள். பார்ப்பதற்கு மட்டும் இரண்டும் ஒன்று.

வடிவமைப்பா செய்முறையா என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்கள்.

மூன்றாமாண்டு

இது எங்கள் பாடத்தில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன் ஐயா.

சுழலி

கொஞ்சம் இளைப்பாற ஒரு கதை. 1960களில் லாக்ஹீட், ஏ-12 என்ற ரகசிய உளவு விமானத்தை டைட்டானியத்தில் செய்தது. எஸ்ஆர்-71இன் அண்ணன். டைட்டானியத்தின் ஒரு பகுதியை எந்த நாட்டை உளவு பார்க்கச் செய்தார்களோ அந்த சோவியத்திலிருந்தே, இடையில் வேறு கம்பெனிப் பெயர்களை வைத்து வாங்கினார்கள்.

அதைவிட வேடிக்கை: கோடையில் செய்த வெல்டிங் சீக்கிரம் போய்விடும், குளிர்காலத்தில் செய்தது நிற்கும். தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினால், கோடையில் பாசி பிடிக்காமல் இருக்க ஊர்த் தண்ணீரில் குளோரினைக் கூட்டியிருந்தார்கள். பாகங்களைக் கழுவியது அந்தத் தண்ணீரில். அப்புறம் காட்மியம் பூசிய ஸ்பேனரால் திருகினாலும் போல்ட் கெட்டுப்போனது. டூல் பெட்டிகளை எல்லாம் கொட்டிப் பொறுக்கி எடுத்தார்களாம்.

காகிதக்கப்பல்

இதெல்லாம் பென்சில், பேப்பர் காலம். கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்திருக்குமே? திரையில் பொருந்தினால் நேரிலும் பொருந்திவிடும் அல்லவா?

வால்காற்று

போயிங் 777 அப்படித்தான் வந்தது. முழுக்கத் திரையில் வரைந்து, திரையிலேயே பொருத்திப் பார்த்து, 1994இல் பறந்தது. மரத்தில் முழு மாதிரி செய்து பார்க்கும் பழைய வழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். உங்கள் கட்சிக்கு அது ஒரு புள்ளி.

அடுத்தது ஏர்பஸ்ஸின் ஏ380. உடலின் பகுதிகளை ஹாம்பர்க்கில் வயரோடு சேர்த்துச் செய்து, துலூஸில் ஒன்றாக்கினார்கள். ஒரு விமானத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல் வயர். துலூஸில் கொண்டுவந்து இழுத்துப் பார்த்தால் எட்டவில்லை! இரண்டு ஊரிலும் கேட்டியா என்ற ஒரே மென்பொருள்தான், ஆனால் ஓர் ஊரில் நாலாம் பதிப்பு, இன்னோர் ஊரில் ஐந்தாம் பதிப்பு. ஓர் இடத்தில் செய்த மாற்றம் இன்னோர் இடத்தில் சரியாகப் போய்ச் சேரவில்லை. திட்டம் ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளிப்போனது, 2006இல் தலைமையில் இருந்தவர்கள் பதவியை விட்டார்கள். 251 செய்து 2021இல் முடித்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் பாகங்களைப் பல ஊர்களில் செய்து ஒன்றுசேர்ப்பதில் ஏர்பஸ் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனம். 1972இல் பறந்த முதல் ஏ300இல் இருந்தே இறக்கை பிரிட்டனில், உடலின் பெரும்பகுதி ஜெர்மனியில், பொருத்தல் பிரான்சில். பாகங்களை ஏற்றிவந்த சூப்பர் கப்பி, பழைய போயிங் ஸ்ட்ராட்டோக்ரூசரை ஊதிப் பெருக்கிச் செய்தது. ஒவ்வொரு ஏர்பஸ்ஸும் போயிங் முதுகில்தான் பிறக்கிறது என்று அப்போது கிண்டல் செய்வார்களாம்.

கணக்குப்பிள்ளை

போயிங்கின் 787ஐ விட்டுவிட்டீர்கள். 2007 ஜூலை 8 அன்று கோலாகலமாக வெளியே இழுத்து வந்து காட்டினார்கள். அமெரிக்க முறையில் தேதி எழுதினால் 7-8-7 வருமே, அதற்காக. உள்ளே ஏறக்குறைய வெறும் கூடு, பல இடங்களில் தற்காலிக ஆணிகள். பறந்தது 2009 டிசம்பரில்.

இறக்கை ஜப்பானில், உடல் துண்டுகள் இத்தாலி முதல் பல இடங்களில். பாகம் செய்பவரே அடுத்த கட்டப் பொருத்தலையும் செய்து அனுப்பட்டும், பணமும் அவர்களே போடட்டும் என்பது திட்டம். தாளில் அழகான கணக்கு. ஆனால் நான் சொன்ன அந்த 20 சதவீதச் சரிவு இருக்கிறதே, அது செய்கிறவன் கையில்தான் சேரும். வேலையை வெளியே கொடுத்தால் கற்றலும் வெளியே போகும். கடைசியில் தென் கரோலினாவில் உடல் செய்த ஒரு தொழிற்சாலையை 2009இல் போயிங்கே விலைக்கு வாங்கியது. 737க்கு உடல் செய்யும் விச்சிட்டா தொழிற்சாலையை 2005இல் விற்றார்கள், 2024இல் திரும்ப வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். வீட்டை விற்றுவிட்டு அதிலேயே இருபது வருடம் வாடகைக்கு இருந்து, மறுபடி வாங்கிய கதை.

காகிதக்கப்பல்

கணக்குப்பிள்ளை இப்போது பழையசுத்தி ஐயா கட்சிக்கே வந்துவிட்டார், கவனித்தீர்களா? பணம்தான் பூட்டு என்றவர், கை என்கிறார்.

கணக்குப்பிள்ளை

கைக்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டாமா? நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன். :)

பழையசுத்தி

கையைப் பெரிதாக்கிப் பேசவும் எனக்குப் பயம். கை தவறும். என்னுடையதே தவறியது.

சேர்ந்த நாலாம் வருடம், ஓர் இறக்கைப் பகுதியில் துளை போடும்போது டிரில் நழுவியது. துளை ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நெருக்கமாகப் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. ரிவெட் தலை அடித்து மூடிவிட்டால் வெளியே தெரியவும் தெரியாது. அரை மணி நேரம் டீ குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பகுதி எண், துளை எண், எத்தனை தள்ளி, எல்லாம் எழுதி, வடிவமைப்புப் பிரிவுக்குப் போனது. மூன்று நாள் அந்த இறக்கை அப்படியே நின்றது. பக்கத்து ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. கடைசியில் உள்ளே ஒரு பட்டி வைத்துப் பெரிய அளவு ரிவெட் போடலாம் என்று கணக்குப் போட்டு அனுமதி கொடுத்தார்கள்.

தம்பிக்குச் சொல்வது இதுதான்: அந்தக் கணக்கை நான் போட்டிருக்க முடியாது. அந்தத் துளையை அவர்கள் கண்டுபிடித்திருக்க முடியாது.

மூன்றாமாண்டு

அந்தப் படிவம் எங்கே போகும் ஐயா?

பழையசுத்தி

விமானத்தோடேயே போகும். அது இருக்கும் வரை கோப்பும் இருக்கும். விமானம் எவ்வளவு கனமோ அவ்வளவு காகிதமும் சேர்ந்த பிறகுதான் அது பறக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வோம்.

மூன்றாமாண்டு

கடைசியாக ஒன்று. ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று படித்தேன். ஒருவர் வெளியே துப்பாக்கியால் அடிக்க, இன்னொருவர் உள்ளே இரும்புக் கட்டையைப் பிடிக்க. நடுவில் தகடு, காதைப் பிளக்கும் சத்தம். ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியாது. எப்படிப் பேசிக்கொள்வீர்கள்?

பழையசுத்தி

பேச்சு ஏது? உள்ளே இருப்பவர் கட்டையால் தகட்டைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரி, அடுத்ததுக்குப் போ. மூன்று தட்டு என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கு. நான் பதினோரு வருடம் ஒரே ஆளோடு அடித்தேன். மதியச் சாப்பாட்டில்கூட அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம்.

மூன்றாமாண்டு

டக் டக்.

காகிதக்கப்பல்

டக் டக். இன்ஜின் பற்றி சுழலி தனி இழை தொடங்கினால் இணைப்பை இங்கே போடுங்கள்.